வெறுங்கையோடு வா

மீன் பிடிக்கப் புழு வாங்கிய அன்றே பாதி வேலை முடிந்துவிட்டது என்று கிளெமெத் நினைத்துக்கொண்டார். மரத்தூளுக்குள் நெளியும் வெள்ளைப் புழுக்கள், ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில். பெட்ரோல் பங்கில் குளிர்பானங்களுக்குப் பக்கத்திலேயே வைத்து விற்பார்கள். அதைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் கதவில், வெண்ணெய்க்குக் கீழே வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு இடத்துக்காக ராவ்னா அவரோடு சண்டை பிடித்திருக்கிறாள். அன்று அவள் சமையலறையில்தான் இருந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள், டப்பாவைப் பார்த்தாள், பாலை எடுத்துக்கொண்டு மூடினாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சண்டை வராமல் போனது அவருக்கு என்னவோ போலிருந்தது.

கிளெமெத் பனி வழிக்கும் வண்டி ஓட்டியவர். வடதுருவத்தை ஒட்டிய ஆற்றங்கரை ஊரிலிருந்து மேட்டுவெளியைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகும் சாலை அவர் பொறுப்பில் இருந்தது. புயல் நாட்களில் அவர் முன்னால் போவார்; பத்து பதினைந்து வண்டிகள் அவருடைய பின்விளக்கை மட்டும் நம்பி வரிசையாக வரும். சாலை முடிந்ததும் எல்லோரும் அவரை முந்திக்கொண்டு போய்விடுவார்கள். சிலர் கை காட்டுவார்கள், சிலர் காட்டமாட்டார்கள். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசையைக் கூட்டிவரப் போவார். அந்த வேலையில் அவர் களைத்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

இப்போது களைத்திருந்தார். கையில் ஒரு பூட்ஸை வைத்துக்கொண்டு, இதைப் போட வந்தோமா கழற்ற வந்தோமா என்று நடையிலேயே நின்றுவிடுவார். சர்க்கரை டப்பாவில் காபித்தூளைக் கொட்டிவிட்டு, அதையே இரண்டு வாரம் பொறுமையாகக் கரண்டியால் பிரித்துப் பிரித்து எடுத்தார். தூங்கினாலும் ஒரு காது தூங்காது. ராவ்னா பள்ளிக்கூட விடுதியில் சமையல் செய்தவள். நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும் என்று எந்நேரமும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். விடுதியை மூடி வருஷக்கணக்காகிவிட்டது. அதைச் சொன்னால் அழுவாள். அதனால் அவர் சொல்வதை விட்டுவிட்டு, வெளிக்கதவில், பனிமான்களின் கழுத்தில் கட்டும் மணி ஒன்றைக் கட்டிவைத்தார். மணி அடித்தால் எழுந்து போய், "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை ராவ்னா, விடுமுறை" என்பார். அவர் வீட்டில் மூன்று குளிர்காலமாக வாரத்தில் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான்.

ஊராட்சி அலுவலகத்தில் இரண்டு முறை கேட்டார்கள், ராவ்னாவைப் பார்த்துக்கொள்ள ஒரு நாள் ஆள் அனுப்புகிறோம், நீங்கள் வெளியே போய்விட்டு வாருங்கள் என்று. இரண்டு முறையும் வேண்டாம் என்றார். மூன்றாம் முறை, பேச்சோடு பேச்சாக, முதியோர் இல்லத்தில் அவளுக்கு ஏற்ற ஒரு அறை காலியாகப் போகிறது என்றும் சொன்னார்கள். வற்புறுத்தவில்லை. யோசியுங்கள் என்றார்கள். அன்று சாயங்காலம் ராவ்னாவின் தம்பி பீரா வந்தான். தம்பி என்றாலும் அவனுக்கும் அறுபது தாண்டிவிட்டது, முட்டி போய்விட்டது.

"மச்சான், நீ கடைசியா எப்போ மீன் பிடிச்சே?"

"போன வருஷம்."

"அது அதுக்கு முந்தின வருஷம். போன வருஷம் பிடிச்சது நான். நீ வீட்டுல உக்காந்து தின்னே."

"நல்லாவே இல்ல அந்த மீனு."

"மூணு தட்டு தின்னே." பீரா காபிக்குள் சீஸ் துண்டைப் போட்டு, அது மெத்தென்று ஆகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு நாள்தானே. ஆள் வரட்டும். அக்கா எங்கயும் ஓடிப்போயிட மாட்டா."

"ஓடிப்போறாளேடா. அதுக்குத்தானே மணி கட்டியிருக்கேன்."

பீரா சீஸைக் கரண்டியால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பிறகு, "வர்ற பொண்ணுக்கும் காது இருக்கும்ல" என்றான்.

அப்படித்தான் திட்டம் ஆரம்பித்தது. அவருக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஏரியின் பனிக்கட்டிமேல் மான் தோலை விரித்து, கவிழ்ந்து படுத்து, அங்கே போட்ட துளைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, கீழே பச்சைத் தண்ணீரில் வயிறு சிவந்த மீன் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தலைக்கு மேல் கோட்டைப் போர்த்திக்கொண்டால் உலகம் அந்தத் துளை அளவுதான். யாரும் கூப்பிடமாட்டார்கள். ஒரு நாள். தான் இல்லாத ஒரு நாளை அந்த வீடு தாங்கும் என்று தெரிந்தால், அந்த அறையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. தாங்காது என்றால் யோசித்துத்தான் ஆகவேண்டும். இதை அவர் பீராவிடம் சொல்லவில்லை. பீராவுக்குத் தெரியாமலும் இல்லை.

"ட்ரில்லு யாருது?" என்று கேட்டார்.

"என்னுதுதான். உன்னுதை வெச்சுப் பனிக்கட்டியைத் துளைக்க முடியாது மச்சான், தடவிக் குடுக்கலாம்."

"மான் தோல் ரெண்டு எடுத்துக்க."

"மூணு. உன் முதுகுக்கு ஒண்ணு, என் முட்டிக்கு ஒண்ணு, உக்கார ஒண்ணு."

"இருட்டுற வரைக்கும் எல்லாம் இருக்க முடியாது. மத்தியானம் திரும்பிடணும்."

"இப்போல்லாம் ராத்திரியிலயே இங்க எங்க இருட்டுது? சரி, மத்தியானம். அங்கேதானே?"

"வேற எங்கே."

ஏரியின் பெயரை அவர்கள் வாயால் சொன்னதே கிடையாது. கடையில் யாராவது எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டால், விறகு பார்க்கப் போகிறோம் என்பார்கள். கேட்டவரும் அப்படியா என்பார். அவரும் போன வாரம் விறகு பார்க்கத்தான் போயிருப்பார்.

மே பிறந்ததும் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிகளுக்கான பாதைகளை மூடிவிடுவார்கள், மான்கள் குட்டி போடும் காலம் என்பதால். ஆக, கையில் இருந்தது ஏப்ரல் கடைசி. ஒரு வியாழக்கிழமை என்று முடிவானது. கிளெமெத் பனிவண்டியின் எண்ணெயை மாற்றினார். நூலைப் புதிதாகக் கட்டினார். அதன் பின்னால் இழுத்துப்போகும் சறுக்குவண்டியின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் நடுவே ராவ்னா வந்து நின்றாள். ஒருமுறை தூண்டில் பெட்டியைத் திறந்து, முட்களை எல்லாம் பித்தளை, வெள்ளி என்று தனித்தனியாக ஜன்னல் விளிம்பில் அடுக்கினாள். அழகாகத்தான் இருந்தது. அவற்றைத் திரும்பப் பெட்டியில் போட அவருக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று.

புதன்கிழமை தென்மேற்குக் காற்று எழுந்தது. ராவெல்லாம் மழை பெய்தது. ஏரிகளின் பனிக்கட்டிமேல் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், பனிவண்டி நீச்சலடிக்கத்தான் வேண்டும் என்று பீரா போனில் சொன்னான். கிளெமெத் அலுவலகத்தைக் கூப்பிட்டு, ஆள் வேண்டாம் என்றார். வேறு நாள் பார்க்கலாமா என்று கேட்டார்கள். பாதை மூடுவதற்கு முந்தின நாள் மட்டும்தான் அவர்களிடம் ஆள் இருந்தது. சரி என்றார். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். போட்டிருந்த மேல்சட்டை திருப்பிப் போட்டதாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

அந்தப் பக்கத்தில் மீன் பிடிக்கக் கிளம்புகிறவனை யாரும் வாழ்த்தமாட்டார்கள். நிறைய கிடைக்கட்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அன்றைய பாடு அவ்வளவுதான். நாசமாய்ப் போ, வெறுங்கையோடு வா என்றுதான் வழியனுப்ப வேண்டும். அதற்கு நன்றி சொல்லவும் கூடாது; சொன்னால் திட்டின பலன் போய்விடும். பேசாமல் தலையாட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். இந்தத் திட்டில் ராவ்னாவை மிஞ்ச அந்த ஊரில் ஆள் இருந்ததில்லை. ஆற்றுக்குப் போகிறவர்கள் அவளுடைய விடுதிச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வண்டியை மெதுவாக்குவார்கள். கையில் மாவோடு எட்டிப் பார்ப்பாள். "உன் தூண்டில்ல செருப்பு மாட்டட்டும். அதுவும் ஒத்தைச் செருப்பு" என்பாள். பீராவுக்கு மட்டும் தனி: "மீனெல்லாம் உன் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சே சாகட்டும், ஆனா உன் கையில ஒண்ணுகூடச் சாக வேண்டாம்." வருஷத்துக்கு வருஷம் புதிதாகச் சொல்வாள். விடுதிப் பிள்ளைகள் அதைக் கேட்கவே ஜன்னல் பக்கம் காத்திருப்பார்கள்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம், கிளெமெத் பனிவண்டி உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அவள் வழக்கம்போல வந்தாள். அவர் கன்னத்தைத் தொட்டு, "ஜாக்கிரதையா போயிட்டு வா, நிறைய மீன் கொண்டு வா" என்றாள். அவ்வளவு அன்பாகச் சொன்னாள். அவர் உள்ளே வந்து உடுப்பைக் கழற்றி மாட்டினார். அதற்குப் பிறகு ஏரிக்குப் போகவில்லை.

கடைசி நாள் வானம் சுத்தமாக இருந்தது. ராத்திரி உறைந்த பனி, ஆள் நடந்தாலும் அமுங்காத அளவுக்கு இறுகிக் கிடந்தது. ராவ்னா அந்த ராத்திரி நாலு தடவை மணியை அடித்திருந்தாள். அவர் கண்கள் மண் விழுந்ததுபோல் எரிந்தன. அலுவலகத்திலிருந்து வந்த பெண்ணின் பெயர் தோன்யே. இலையுதிர்காலத்தில் தெற்கிலிருந்து வந்தவள், முப்பத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம். காலணியைக் கழற்றிவிட்டு நேராகப் போய் ராவ்னா பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கினார்கள். மாத்திரை எது, மணி எதற்கு, ஞாயிற்றுக்கிழமை என்று எப்போது சொல்ல வேண்டும் என்று கிளெமெத் ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு அதையே மறுபடியும் சொன்னார்.

"நீங்க கிளம்புங்க" என்றாள் தோன்யே. "நான் பார்த்துக்கறேன்."

முற்றத்தில் பீரா பனிவண்டியை உறுமவிட்டுக் காத்திருந்தான். சறுக்குவண்டியில் ட்ரில், தோல்கள், கரிபிடித்த காபிக் கெட்டில், ரொட்டி, உலர்ந்த மான் இறைச்சி. புழு டப்பா குளிரில் விறைக்காமலிருக்க அவர் நெஞ்சுப் பக்கத்து உள்பையில். கிளெமெத் வண்டியில் ஒரு காலைத் தூக்கிப் போட்டார். ராவ்னா வாசல் வரை வந்து நின்று வண்டியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் தாமதித்தார்.

அப்போது தோன்யே அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிக் கையசைத்தாள். "நிறைய மீன் கிடைக்கட்டும்" என்றாள்.

பீரா சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். முற்றம் அமைதியாகிவிட்டது.

"போச்சு" என்றான்.

"என்ன ஆச்சு?" என்றாள் தோன்யே.

"ஒண்ணும் ஆகல தாயி. எங்களைக் குழி தோண்டிப் புதைச்சே. அவ்வளவுதான்."

அவளுக்கு விளக்கிச் சொன்னார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். நான் வேண்டுமானால் இப்போது திட்டட்டுமா என்றாள். பீரா, சரி திட்டு என்றான்.

"உங்களுக்கு... கொஞ்சமா கிடைக்கட்டும்" என்றாள் தோன்யே.

"இது திட்டா? டாக்டர் சீட்டு மாதிரி இருக்கு."

வாழ்த்து வாங்கிவிட்டால் அதற்கும் ஒரு வழி உண்டு. பூட்ஸைக் கழற்றி உள்ளே போய் உட்கார வேண்டும். ஒரு கோப்பை காபியை அடிவரை குடிக்க வேண்டும். பிறகு இப்போதுதான் புறப்படுகிறவர்கள்போலப் புதிதாகப் புறப்பட வேண்டும். பீராவின் அப்பா ஒரு நாளில் ஐந்து தடவை அப்படிப் புறப்பட்டாராம்; கடைசியில் காபிதான் தீர்ந்துபோனதாம்.

கிளெமெத் உள்ளே வந்து அடுப்புப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். உடுப்பைக் கழற்றவில்லை, கழுத்து ஜிப்பை மட்டும் கொஞ்சம் இறக்கினார். பீரா காபி ஊற்றினான். அடுப்பில் பிர்ச் விறகு எரிந்துகொண்டிருந்தது. மேஜையில் இரண்டு பெண்களும் கிழங்கு உரிக்கும் சத்தம் சரக், சரக் என்று ஒரே சீராக வந்தது. ராவ்னா என்னவோ கேட்டாள். வேறு யாரோ பதில் சொன்னார்கள். அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுவரில் தலையைச் சாய்த்தார். காபி பாதிக் கோப்பையில் இருந்தது.

கண்ணைத் திறந்தபோது வெயில் அடுப்புப் பக்கத்திலிருந்து நகர்ந்து எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. தலைக்கடியில் ஒரு தலையணை இருந்தது. கால்மேல் கம்பளி கிடந்தது. கழுத்து பலகை போல் விறைத்திருந்தது. அவருக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"ராவ்னா எங்கே?"

"இங்கேதான்" என்றாள் தோன்யே. "கிழங்கு ஒரு மூட்டை உரிச்சாச்சு. சாப்பிட்டாச்சு. கொஞ்சம் படுத்து எழுந்துட்டாங்க."

"மணி?"

"ரெண்டு தடவை அடிச்சுது. இன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன். ஒரு தடவை நம்பினாங்க. ஒரு தடவை நானும் கூடவே வெளியே நடந்துட்டு வந்தேன்."

"பீரா?"

ஜன்னலைக் காட்டினாள். முற்றத்தில் சறுக்குவண்டிமேல், மான் தோலில், வெயிலுக்கு முகத்தைக் காட்டியபடி பீரா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். முட்டிக்குக் கீழே ஒரு தோல் தனியாக மடித்து வைத்திருந்தான்.

"ஏம்மா எழுப்பல?" என்றார். கோபமாகத்தான் கேட்க நினைத்தார்.

"எழுப்பப் போனேன். அவர்தான் விடலை. எழுப்பினா என்னையும் சேர்த்துப் பனிக்குள்ள புதைச்சிடுவேன்னார்."

கிளெமெத் கைகளை முழங்காலில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்கு மேல் ஆகியிருந்தது. இனிப் பனி இளகிச் சேறாகிவிடும். பாதி வழியில் வண்டி புதையும். நாளைக்குப் பாதை இல்லை. இவ்வளவு ஓட்டம், எண்ணெய், நூல், ட்ரில், போன், எல்லாம் இந்தப் பெஞ்சில் வந்து முடிந்துவிட்டது. வருத்தப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் உடம்பு அதற்கு ஒத்துழைக்கவில்லை. உடம்பு ரொம்ப நாளைக்குப் பிறகு கனமாக, சூடாக, தன்னுடையதாக இருந்தது.

ராவ்னா வந்தாள். பனிவண்டி உடுப்பில் உட்கார்ந்திருக்கும் கணவனைப் பார்த்தாள். சரசரவென்று வேலையில் இறங்கினாள். பழைய செய்தித்தாளை மேஜையில் விரித்தாள், பலகையை எடுத்தாள், எந்த இழுப்பறை என்று தேடாமலே மீன் கத்தியை எடுத்தாள். தோன்யே பதறி எழுந்தாள். கிளெமெத் கையால் அமர்த்தினார். விரலால் கத்தியின் கூர்மையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ராவ்னா நிமிர்ந்தாள்.

"எங்க மீனு?"

"கிடைக்கல" என்றார்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

அவள் யோசித்தாள். நெற்றி சுருங்கியது. "அப்போ காலையில நான் சரியா திட்டல" என்றாள்.

கிளெமெத் கால்மேல் கிடந்த கம்பளியை எடுத்து மடித்தார். "இல்ல, திட்டினே" என்றார் கடைசியில். "நல்லாத்தான் திட்டினே. காத்து சரியில்ல."

அவருடைய நெஞ்சுப் பக்கம் என்னவோ ஊர்வதுபோல் இருந்தது. கையை விட்டுப் பார்த்தார். புழு டப்பாவின் மூடி எப்போதோ கழன்றிருந்தது. அடுப்புச் சூட்டில் புழுக்கள் துடிப்பாகிச் சட்டைக்குள்ளும் பெஞ்சிலும் பரவியிருந்தன. ராவ்னா அருகில் வந்து, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். "இதைச் சட்டையில வெச்சுக்கிட்டுத் தூங்குவாங்களா யாராவது?" என்றாள். "ஃப்ரிட்ஜ்ல வைக்கறதுக்கு என்ன கேடு?"

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

ராவ்னாவின் குரல் கேட்டு பீரா உள்ளே வந்தான். முகத்தின் ஒரு பக்கம் வெயில்பட்டு வெந்த இறால் நிறத்தில் இருந்தது. விரித்த செய்தித்தாளையும் காலியான பலகையையும், மறுபடி கத்தியோடு காத்துக்கொண்டிருந்த அக்காவையும் பார்த்தான். பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குப் போனான். நொண்டிக்கொண்டே திரும்பி வந்து, உறைபெட்டியிலிருந்து எடுத்த இரண்டு மீன்களைப் பலகைமேல் வைத்தான். விறகுக் கட்டைபோல் டொக் என்று விழுந்தன.

ராவ்னா ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். செவுளை நகத்தால் சுரண்டினாள்.

"யாரை ஏமாத்தறே?" என்றாள். "இது போன வருஷத்து மீனு."

"அக்கா, இப்போதான் ஏரியிலிருந்து—"

"ஏரியில கூடவா காகிதம் சுத்தி வெச்சிருந்தாங்க? ஓரத்துல ஒட்டியிருக்கு பாரு." மீனைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். "இளகட்டும். நீ உக்காரு. மூஞ்சி வெந்துபோயிருக்கு."

பீரா உட்கார்ந்தான். தூர ஊரில் இருக்கும் மகனின் பெயரைக் கேட்டால் ராவ்னாவுக்குத் தெரியாது. பீராவையும் சில நாள் அப்பா என்று கூப்பிடுவாள். இன்றைக்கு உட்காரு என்ற குரல், விடுதிப் பிள்ளைகளை அதட்டிய அந்தப் பழைய குரல். அவன் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் தன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.

தோன்யேவுக்கு நேரமாகிவிட்டது. கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் தயங்கினாள். "என்னாலதான் உங்க நாள் வீணாப்போச்சு" என்றாள்.

கிளெமெத் கதவோரத்தில் நின்றார். "அடுத்த வாரம் ஒரு நாள் வர முடியுமா?" என்று கேட்டார்.

"வர்றேன். ஆனா பாதை மூடிடுவாங்களே. எங்கே போவீங்க?"

"எங்கயும் போகல" என்றார். "இந்தப் பெஞ்சுதான்." பிறகு, கொஞ்சம் கழித்து, "அந்த அறை வேணாம்னு ஆபீஸ்ல சொல்லிடு. இப்போதைக்கு" என்றார்.

அவள் தலையாட்டினாள். மணி லேசாகக் குலுங்க, கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினாள். சத்தம் கேட்டு ராவ்னா ஈரக் கையோடு ஜன்னலுக்கு வந்து, அதைத் திறந்து, போகிறவளைப் பார்த்தாள். யாரென்று அவளுக்குத் தெரிந்திருக்காது. கோட்டும் குல்லாயுமாக ஒருத்தி கிளம்பிப் போகிறாள், அவ்வளவுதான்.

"ஏய் பொண்ணே" என்றாள். "வெறுங்கையோட வா. உன் தூண்டில்ல பழைய கோணி மாட்டட்டும். அதுலயும் ஓட்டை இருக்கட்டும்."

தோன்யே திரும்பினாள். நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, ஒருமுறை தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காரை நோக்கி நடந்தாள்.